ஊரே மங்கல் என்றவள்

அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் ஊரில்தான். இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்லுவாள். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, அங்கே நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுவாள்.

"என்ன ஊருடி இது? பஸ் நம்பரைக்கூட ஒழுங்கா எழுத மாட்டானுங்களா? மழைல நனைஞ்ச பேப்பர் மாதிரி ஊறிப்போய்க் கிடக்கு."

நான் நிமிர்ந்து பார்ப்பேன். நெற்றியில் மஞ்சள் எழுத்து பளிச்சென்று எரிய, பஸ் வந்துகொண்டிருக்கும்.

"வடிவா எரியுதே" என்பேன்.

"உனக்கு இது போதும் மச்சா. நீ எதைக் குடுத்தாலும் சரிங்கற ஆளு. எங்க ஊரு பஸ்ஸை வந்து பாரு."

நான் மலேசியாவுக்குப் போனதே இல்லை. அங்கே பஸ்ஸெல்லாம் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும் போல என்று நினைத்துக்கொண்டு ஏறிவிடுவேன். பஸ் மட்டுமா? இந்த நாட்டு மரங்களுக்கு இலையே கிடையாது, கம்பில் பச்சைப் பஞ்சைச் சுற்றி நட்டு வைத்திருக்கிறார்கள். வகுப்பில் எங்கள் ஆசிரியை மதாம் எழுதுகிற மார்க்கர் மட்டமான சரக்கு. மலை உச்சியில் பெரிய சிலுவை ஒன்று நிற்கிறது என்று மொன்றியல் முழுக்கச் சொல்கிறார்களே, அது சுத்தப் புளுகு. புதிதாக வந்தவர்களை ஏய்ப்பதற்காக ஊரே சேர்ந்து சொல்கிற கதை. அவள் பல தடவை பார்த்துவிட்டாள், அங்கே ஒன்றும் இல்லை.

இவ்வளவு நிச்சயத்தோடு ஒருத்தி சொன்னால் யாருக்கு அவள் கண்மேல் சந்தேகம் வரும்? எனக்கு மலேசியா மேல்தான் பொறாமை வந்தது.

அவள் மலாய்ப் பெண். ஆனால் தமிழ் கதைப்பாள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளி இருந்ததாம், அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள், கிட்டத்தில் இருக்கிறதே என்று ஆரம்ப வகுப்புகளுக்கு அங்கேயே சேர்த்துவிட்டார்கள். பிறகு இடைநிலைப் பள்ளி மலாயில். பிறகு அப்பா இங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு வர, குடும்பமே வந்து பார்க்-எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டிடத்தின் மேல்மாடியில் குடியேறியது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்பான்சரில் வந்து இறங்கிய அதே வருடம். இரண்டு பேரையும் ஒரே அக்கேய் வகுப்பில் போட்டார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளைப் பிடித்து முதலில் பிரெஞ்சு படிப்பித்து, தேறினால் சாதாரண வகுப்புக்கு அனுப்புகிற வகுப்பு அது. அங்கே என்னோடு தமிழ் கதைத்த ஒரே ஜீவன் ஒரு மலாய்க்காரி. மொன்றியல் என்றால் அப்படித்தான்.

வந்த புதிதில் அவள் என்னை மச்சா, மச்சா என்று கூப்பிடுவதைக் கேட்டு அம்மா பதறிப்போனார்.

"பிள்ளை, மச்சான் எண்டால் ஆரெண்டு தெரியுமோ? கட்டுற முறையில இருக்கிற பொடியன்."

"அப்படியா ஆன்ட்டி? எங்க ஊர்ல மலாய்ப் பசங்க, சீனப் பசங்க எல்லாரும் எல்லாரையும் மச்சான்னுதான் கூப்பிடுவாங்க."

"எல்லாரும் எல்லாரையும் கட்டுறதோ? நல்ல ஊர்."

ஆனாலும் அம்மா அவளிடம் விழுந்துவிட்டார். காலையில் படியிறங்கி வரும்போதே "பசியாறியாச்சா ஆன்ட்டி?" என்று கேட்பாள். "எங்கட பிள்ளையள் ஒண்டும் இப்பிடிக் கேக்கிறேல்ல" என்று அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே அவளுக்கு இடியப்பம் வைப்பார். ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார். ஒரே குத்தில் கோர்த்துக் கொடுப்பாள். என் விரலில் ஏறிய மரச் சிலாம்பை அம்மாவும் நானும் தேடிக் கண்டுபிடிக்காமல் நின்றபோது, கையை மூக்குக்கு முன்னால் இழுத்து வைத்து, நகத்தாலேயே எடுத்துப்போட்டாள். இப்படிப்பட்டவளின் கண்ணை யார் குறை சொல்வது?

பனிக்காலம் முழுக்க அவள் ராணி. எனக்கு யாரோ போட்டுக் கழித்த கடும் மஞ்சள் ஜாக்கெட் ஒன்று கிடைத்திருந்தது. வீதியின் அந்தத் தொங்கலில் நின்றே "மச்சா!" என்று கத்துவாள். வகுப்பில் எல்லோரையும் அப்படித்தான் பிடிப்பாள். சிவப்புத் தொப்பி, வெள்ளைப் பூட்ஸ், முதுகில் கிழிந்த பை. ஏப்ரல் வந்தது, ஆட்கள் ஜாக்கெட்டைக் கழற்றினார்கள், அவளுடைய உலகம் கலைந்து போனது. பள்ளிக்கூட வாசலில் நான் கையைக் காட்டிக்கொண்டு நிற்க, என்னைத் தாண்டிப் போனாள்.

பின்னால் ஓடிப்போய்ப் பிடித்தேன். "என்னடி, பெருமையோ? கண்டும் காணாத மாதிரிப் போறாய்?"

"நீதான் மூஞ்சியை மாத்திக்கிட்டு வந்திருக்கே" என்றாள். துளிகூட வெட்கம் இல்லை.

அடுத்த கிழமை ஜான்-டலோன் வீதியைக் கிண்டத் தொடங்கினார்கள். பனி உருகினால் இந்த ஊரில் முதலில் முளைப்பது புல் இல்லை, வீதி வேலைக்காரர்கள். அதில் ஒருவர் மஞ்சள் சட்டையோடு குனிந்து நின்றார். இவள் ஓடிப்போய் அவர் முதுகில் ஒரு அடி வைத்து, "மச்சா, இன்னிக்கும் லேட்டா?" என்றாள். மனிதர் தாடியோடு திரும்பினார். "போன்ஷூர், போன்ஷூர்" என்று அவர்தான் வெட்கப்பட்டார். இவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வந்து, "உன் ஜாக்கெட்டை அவனுக்கு ஏன் குடுத்தே?" என்று என்னிடமே சண்டை பிடித்தாள்.

அன்றைக்கு நான் முதன்முதலாகக் கேட்டேன். "உனக்குக் கண் சரியோடி?"

"என் கண்ணா?" என்று நெஞ்சை நிமிர்த்தினாள். "எங்க ஸ்கூல்ல நர்ஸ் வந்து எல்லாருக்கும் டெஸ்ட் வச்சாங்க. என் கிளாஸ்ல பாதிப் பேருக்குக் கண்ணாடி போடணும்னு சீட்டு வந்திச்சு. நான் ஒரு எழுத்துகூடத் தப்பு விடலை. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொன்னேன். நர்ஸே கை தட்டினாங்க."

அதற்குமேல் என்னத்தைக் கேட்பது?

வகுப்பில் ஒரே மொழிக்காரர் பக்கத்தில் இருந்து ஆளுக்கு ஆள் உதவலாம் என்று மதாம் விட்டிருந்தார். கோபக்காரி இல்லை, நல்ல மனுசி. ஆனால் எல்லாவற்றையும் பலகையில் எழுதுகிற ஆள். சோதனையும் பலகையில்தான். "மாதெமுவசேல், அந்த வசனத்தை வாசி" என்று இவளைக் கேட்பார். இவள் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சமும் கலங்காமல் என் பக்கம் திரும்பி, "தெரியலை" என்பாள்.

நான் எழும்பி மொழிபெயர்ப்பேன். "மதாம், அவளுக்குத் தெரியாதாம்."

வருடம் முழுக்க இதுதான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மடமடவென்று வாசிப்பாள். பலகையில் கேட்டால் தெரியலை. மதாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டில் பாடமாக்கிக்கொண்டு வருகிறாள், புதிதாக ஒரு வசனத்தைக் கண்டால் வாசிக்க முடியவில்லை.

மே மாதம் மதாம் அவளுடைய அப்பாவுக்குப் போன் எடுத்தார். செப்டம்பரில் நான் உட்பட வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சாதாரண வகுப்புக்கு. அவள் இன்னொரு வருடம் அக்கேய். அடுத்த புதன்கிழமை வாருங்கள், கதைப்போம்.

அன்று மாலை அவள் எங்கள் வீட்டுக் குசினியில் வந்து குந்தினாள். இடியப்பத்தைத் தொடவில்லை.

"இன்னொரு வருஷம் இதே கிளாஸ்னா அப்பா என்னை ஊருக்கு அனுப்பிடுவாராம். பெரியம்மா வீட்ல இருந்து படிக்கணுமாம். இங்க வருஷத்தை வீணாக்க முடியாதுன்னு சொல்லிட்டாரு. அம்மா, தம்பி எல்லாம் இங்க. நான் மட்டும் அங்க."

"பிரெஞ்சைக் கொஞ்சம் வடிவாப் படிச்சிருக்கலாமே பிள்ளை" என்றார் அம்மா.

"படிச்சேன் ஆன்ட்டி. நல்லாத்தான் படிச்சேன்."

அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. ஊரை, மரத்தை, மார்க்கரை எல்லாம் குற்றம் சொன்னவளுக்கு அன்றைக்குக் குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

சனிக்கிழமை அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஜான்-டலோன் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். அம்மாவுக்குக் கிட்டப்பார்வை. நடக்கக் கண்ணாடி வேண்டும், பொடி எழுத்து வாசிக்கக் கழற்ற வேண்டும். ஒரு போத்தலைத் தூக்கி, அதில் பன்றிக் கொழுப்புக் கிழுப்பு இருக்கிறதா என்று அவளுக்காகவே பார்க்கப் போனார். கண்ணாடியைக் கழற்றி, "இதை ஒருக்காப் பிடி பிள்ளை" என்று அவளிடம் நீட்டினார்.

அவள் பகிடிக்குப் போட்டாள். ரோஸ் நிறத்தில், பெரிய வட்டக் கண்ணாடி. அம்மாவைப் போல உதட்டைப் பிதுக்கி, "எங்கட பிள்ளையள் ஒண்டும்..." என்று தொடங்கினாள்.

தொடங்கியவள் நின்றுவிட்டாள்.

நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கினாள். "மேல குருவி உக்காந்திருக்கு" என்றாள். கூரைக் கம்பியில் குருவிகள் இருந்தன, எப்போதும் இருக்கிற குருவிகள். பிறகு தக்காளிக்காரனின் விலைப்பலகையை வாசித்தாள். அதற்குப் பின்னால் இருந்த பலகையை. அதற்கும் அங்கால் வீதி தாண்டி இருந்த டெபனூர் கடைக் கதவில் ஒட்டியிருந்ததை. பிரெஞ்சில், ஒரு பிழை இல்லாமல், சத்தமாக. சந்தைச் சனம் திரும்பிப் பார்த்தது. கடைசியாக அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு மீசை இருக்கு!"

"ஐயோ, கழட்டு கண்ணாடியை!"

கழற்றவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். முகம் சிவந்திருந்தது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கோபம்!

"இப்படித்தான் நீங்கள்லாம் தினமும் பாக்கறீங்களா? எல்லாருமா? பலகை உனக்கு இப்படித்தான் தெரியுதா?"

"ஓம். வேற எப்பிடி?"

"அப்போ ஏண்டி சொல்லலை?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? நீயெல்லோ பலகை தெரியேல்ல எண்டு சொல்லியிருக்கோணும்!"

"நான் சொல்லலையா?" குரல் உச்சத்துக்குப் போனது. "தினம் தினம் சொன்னேன்! தெரியலை, தெரியலைன்னு! நீதானே எந்திரிச்சு நின்னு மதாம்கிட்ட சொன்னே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பதில் அறியாவிட்டால் 'தெரியாது' என்போம், கண்ணுக்குப் படாவிட்டால் 'தெரியேல்ல' என்போம். ஆனால் அவளுடைய தமிழ் என் காதுக்குச் சினிமாத் தமிழ் மாதிரி. சினிமாவில் பதில் தெரியாதவன்தான் 'தெரியலை' என்பான். அவள் கண்ணைச் சொல்ல, நான் மூளையைச் சொல்லிவிட்டேன். இதில் என்னைப் பிடித்துப் பிரயோசனம் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த தமிழை வேண்டுமானால் பிடியுங்கள்.

"விசருகள்" என்றார் அம்மா. கண்ணாடி இல்லாமல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டும் தமிழ் கதைச்சுக் கதைச்சு ஒரு பிள்ளையின்ர படிப்பைக் கெடுத்திருக்குதுகள்."

புதன்கிழமைக்குள் புதுக் கண்ணாடி செய்ய முடியாது. அதனால் அம்மாவின் கண்ணாடியே பள்ளிக்கூடம் போனது. கண்ணாடி போகிற இடத்துக்கு அம்மாவும் வந்தார், "என்ர சாமானை நம்பி விடேலாது" என்று. வந்தவர் உள்ளே நுழைந்ததும், கோட் மாட்டுகிற கம்பத்துக்கு மரியாதையாக "போன்ஷூர் மதாம்" என்றார். கம்பத்தில் மதாமின் கோட் தொங்கியது உண்மை.

அவளுடைய அப்பா மெதுவாகப் பேசுகிற மனிதர். மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தார். "வீட்டில் கேட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "கண் சரியா என்று ஊரிலேயே கேட்டிருக்கிறேன். நல்லாத் தெரிகிறது என்றுதான் எப்போதும் சொல்லுவாள்."

நான் நடந்ததைச் சொன்னேன். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று பிரெஞ்சில் விளங்கப்படுத்துவது லேசான காரியம் இல்லை. மதாம் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. எழும்பிப் போய்ப் பலகையைத் துடைத்தார். யாரும் பாடமாக்கியிருக்க முடியாத ஒரு வசனம் வேண்டும் அவருக்கு. என் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார்.

அவள் அறையின் பின்சுவர் வரைக்கும் நடந்து போனாள். தலைத்துணிக்கு மேலால் கண்ணாடிக் காம்பை அழுத்தினாள், அது வழுக்கிக்கொண்டே இருந்தது. வாசித்தாள். "இந்த அம்மா இன்று காலை என் கோட்டுக்கு வணக்கம் சொன்னார்."

மதாம் சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என்னிடம் இல்லை, நேரே அவளிடம் கேட்டார். "ஏன் நீயே பிரெஞ்சில் என்னிடம் சொல்லவில்லை?"

அவள் என்னைப் பார்க்காமல், தானே பிரெஞ்சில் பதில் சொன்னாள். "மதாம், எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன். நீங்கள் மோசமாக எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மதாம் இப்போது சிரித்தார். ஜூன் கடைசியில் இன்னொரு தடவை சோதனை, அதற்குள் சொந்தக் கண்ணாடியோடு வா, தேறினால் செப்டம்பரில் போகலாம், தேறாவிட்டால் என் முடிவு மாறாது என்றார். அப்பா தலையை ஆட்டினார். விமான டிக்கெட்டும் அதுவரை பொறுக்கும் என்றார்.

லாசாலில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். மொழிபெயர்க்க நான்தான் போனேன், இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் கேட்டேன். டாக்டர் விளக்கை அணைத்து, சுவரில் எழுத்துகளை விழுத்தி, வாசி என்றார். அவள் வாசிக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"என்னடி?"

"முன்னாடி யாருமே சொல்லலையே. நான் எப்படிச் சொல்றது?"

கிளறக் கிளறத்தான் வந்தது. ஊரில் நர்ஸ் வந்தபோது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையும் அதே எழுத்துகளைச் சொல்லச் சொல்ல இவள் காதில் வாங்கினாள். தமிழ்ப் பள்ளியில் பழகிய பழக்கம். ஆத்திசூடி, வாய்பாடு எல்லாம் வரிசையில் நின்று ஒப்புவித்து வளர்ந்தவள். இதுவும் ஒப்புவிக்கிற சோதனை என்றே நினைத்தாள். கள்ளம் இல்லை. யார் நன்றாக ஒப்புவிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் நர்ஸ் வந்திருக்கிறார் என்று நம்பி, முதலாவதாக வந்துவிட்டாள். கண்ணாடிக்குச் சீட்டு வாங்கியவர்களைப் பாடமாக்கத் தெரியாத மொக்குகள் என்று நினைத்திருக்கிறாள்.

இதை நான் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, டாக்டர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மூக்கைத் துடைத்து, சோதித்து முடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "இவ்வளவு கூடின நம்பர் இருந்தும் கண்ணாடி இல்லாமல் இந்தப் பிள்ளை வீதி கடந்திருக்கிறது" என்றார்.

கண்ணாடி வந்த நாளிலிருந்து அவளோடு நடக்க முடியாது. இரண்டு அடிக்கு ஒருதரம் நிற்பாள். தனித்தனி இலையாக இருக்கிறதாம். பார்க் அவெனியூ பஸ்ஸில் போகும்போது திடீரென்று என் கையைப் பிடித்து நசித்தாள். மலையில் சிலுவை நின்றது. "சரி, ஒண்ணு இருக்கு" என்றாள். "ரொம்பச் சின்னது." தோற்றதாக ஒப்புக்கொள்ள மாட்டாள் என்றால் மாட்டாள்.

ஜூன் சோதனையை மதாம் வேண்டுமென்றே பொடி எழுத்தில் எழுதினார். நான் வெளியே கொறிடோரில் நின்றேன். அவளுடைய அப்பாவும் நின்றார், சுவரில் இருந்த அதே அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசித்தார். கதவு திறந்து மதாம் வந்து அவரிடம் கையை நீட்டினார். "செப்டம்பரில் பார்ப்போம், முசியே. என் வகுப்பில் இல்லை."

செப்டம்பர் முதல் நாள், சாதாரண வகுப்பு. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஒருவரையொருவர் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்கள். அக்கேய் வகுப்பிலிருந்து வந்த எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசி வரிசை, ஜன்னல் பக்கம், நாலைந்து பொடியன்கள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார்கள். அது அவர்களுக்கு எழுதி வைத்த சொத்து என்று பார்த்த உடனேயே விளங்கியது.

புது ஆசிரியர் உள்ளே வந்தார். "கண்ணாடி போட்டவர்கள் முன்னால் வந்து இருக்கலாம்" என்றார். மூன்று பேர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். நான் அவளை இடித்து, "போடி" என்றேன்.

அவள் எழும்பினாள். பையைத் தோளில் போட்டாள். ஆசிரியர் தனக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்தும் வைத்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வரிசை வரிசையாகத் தாண்டிப் பின்னால் போனாள். ஜன்னலோரம் கிடந்த பொடியனின் தலைமாட்டில் போய் நின்றாள். அவன் நிமிர்ந்து, நீ யார் என்கிற மாதிரிப் பார்த்தான்.

"பூஸ்-துவா" என்றாள். தள்ளி இரு என்று அர்த்தம். உச்சரிப்பு அச்சு மொன்றியல்.

அவன் தள்ளி இருந்தான்.